எதிராளிக்குப் பயம் இருக்கும்போதே தள்ளிவிட வேண்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மேரிபேங்க் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் துனி ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 24 சீட்டு, நாலு பேர், எதிரெதிரே உட்காரும் கூட்டாளிகள். ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2, ஆக மொத்தம் 304. ஈழத்தில் 304 என்றே கூப்பிடும் ஆட்டத்துக்கு இது ஒன்றுவிட்ட சகோதரன். நம் ‘தண்ணி’தான் திரிந்து துனி ஆனது என்றும் சொல்வார்கள். அந்த ஆட்டத்தில் ஒருவர் “துனி” என்று அறிவித்துவிட்டால் ஆறு பிடியையும் அவரே தனியாகப் பிடித்தாக வேண்டும். பிடித்தால் வெற்றிக் கணக்கில் நாலு பந்து, ஒரு பிடியை எதிரணி பிடித்துவிட்டாலும் அந்த நாலு பந்து அவர்களுக்கு.

அந்தப் பழக்கத்தோடு போக்கர் மேசைக்கு வருபவர்கள் ஆல்-இன் (கையிருப்பு முழுவதையும் நடுவில் தள்ளுவது) என்பதைத் துனி சொல்வதைப் போலவே நினைக்கிறார்கள். கையில் அசைக்க முடியாத சீட்டு வரட்டும், அதுவரை பொறுப்போம் என்கிறார்கள். துனியில் அது சரிதான். நீங்கள் துனி சொன்னதும் எதிரே இருப்பவர் பயந்துபோய் சீட்டைக் கீழே வைத்துவிட முடியாது, ஆறு பிடியும் ஆடித்தான் தீர வேண்டும். போக்கரில் அவர் கீழே வைத்துவிடலாம், பெரும்பாலும் வைத்தும் விடுவார். தள்ளுபவருக்கு ஜெயிக்க இரண்டு வழி உண்டு. எல்லோரும் ஃபோல்டு செய்தால் (சீட்டைக் கீழே வைத்துவிட்டால்) சீட்டைக் காட்டாமலே ஜெயிக்கலாம், யாராவது கால் செய்தால் (அதே தொகையைப் போட்டு எதிர்த்தால்) சீட்டால் ஜெயிக்கலாம். கால் செய்பவருக்கு இரண்டாவது வழி மட்டும்தான். டோர்னமென்ட்டின் கடைசிக் கட்டத்தில் எடுக்கும் முடிவுகள் எல்லாமே இந்த ஏற்றத்தாழ்விலிருந்துதான் வருகின்றன.

ஒரு மேசையை எடுத்துக்கொள்வோம். ஆட்டம் நோ-லிமிட் ஹோல்டெம், அதாவது ஆளுக்கு இரண்டு சீட்டு கொடுத்து பந்தயத்துக்கு வரம்பில்லாமல் ஆடும் போக்கர், ஒன்பது பேர். சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் முறைவைத்துக் கட்டாயமாகப் போடும் பந்தயம்தான் பிளைண்டு: ஸ்மால் பிளைண்டு 2,000, பிக் பிளைண்டு 4,000. மேசை முழுவதற்குமான கட்டாயப் பந்தயமான ஆன்டியும் 4,000, அதை இப்போதைய வழக்கப்படி பிக் பிளைண்டில் இருப்பவரே மேசைக்கு மொத்தமாகக் கட்டுகிறார். (இந்தச் சொல்லை முதல்முறை கேட்ட டர்பன்காரர் யாராக இருந்தாலும் பக்கத்து வீட்டு ஆன்டியைத்தான் நினைத்திருப்பார்.) சீட்டு போடும் முன்பே நடுவில் 10,000 கிடக்கிறது. உங்களிடம் 40,000-க்குச் சிப் (காசுக்குப் பதில் வைக்கும் வில்லை), அதாவது பிக் பிளைண்டுக் கணக்கில் பத்து பிளைண்டு. ஒரு சுற்று முழுவதும் சும்மா உட்கார்ந்திருந்தால் 10,000 போய்விடும், ஆகவே உங்கள் ஆயுள் நாலு சுற்று. சிப்பை ஒரு சுற்றின் செலவால் வகுத்து வரும் இந்த எண்ணுக்கு ‘எம்’ என்று பெயர். பேக்கேமன் ஆட்டத்தில் பேர்போன பால் மாக்ரியல் பெயரின் முதல் எழுத்து அது. பிளைண்டு கணக்கு, எம் கணக்கு எதில் வேண்டுமானாலும் யோசியுங்கள். ஒவ்வொரு கை தொடங்கும் முன்பும் அந்த எண் மனதில் இருந்தால் போதும்.

இப்போது பட்டனில், அதாவது இரண்டு பிளைண்டுக்காரர்களுக்குச் சற்று முன்னால் பேசும் இடத்தில், இருக்கிறீர்கள், உங்களுக்கு முன்னால் எல்லோரும் ஃபோல்டு. 40,000-ஐயும் தள்ளுகிறீர்கள். இருவரும் ஃபோல்டு செய்தால் 10,000 உங்களுடையது, சீட்டு காட்டாமலே கையிருப்பு கால் பங்கு கூடிவிடுகிறது. பிக் பிளைண்டு கால் செய்தால் நடுவில் 86,000 சேரும். கால் ஆகும்போது உங்கள் கை 35% ஜெயிக்கும் என்று வைத்தால், சராசரியாக உங்களுக்குத் திரும்புவது 30,100, அதாவது 9,900 நஷ்டம். ஒரு பக்கம் 10,000 லாபம், மறுபக்கம் ஏறக்குறைய அதே அளவு நஷ்டம். ஆக இரண்டு முறைக்கு ஒரு முறை ஃபோல்டு கிடைத்தாலே கை நட்டமில்லை. கால் ஆகும்போது 40% ஜெயிக்கும் கை என்றால் நூற்றுக்கு 36 முறை ஃபோல்டு கிடைத்தால் போதும். பட்டனிலிருந்து பத்து பிளைண்டு தள்ளும்போது நிதானமான மேசையில் இருவரும் சேர்ந்து ஃபோல்டு செய்வது இதைவிட அதிகமாகவே நடக்கும். சுமாரான கைகளும் லாபமாவது அதனால்தான்.

இதே தள்ளலை பிக் பிளைண்டுக்காரரின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். அவர் ஏற்கெனவே 4,000 போட்டிருக்கிறார், மேலே போட வேண்டியது 36,000, நடுவில் இருப்பது 50,000. அவருக்கு 42% வெற்றி வாய்ப்பு வேண்டும். குயின்-ஆறு, ஜாக்-நாலு எல்லாம் யோசிக்காமல் கீழே போகும். நீங்கள் காத்திருந்து காத்திருந்து நாலு பிளைண்டுக்கு, அதாவது 16,000-க்கு வந்துவிட்டீர்கள் என்றால் அவர் போட வேண்டியது 12,000, நடுவில் 26,000. 32% இருந்தால் போதும், ஏழு-ஐந்தை வைத்திருப்பவர்கூட சிப்பைக் கையில் எடுத்துவிடுவார். இரண்டு பிளைண்டில், அதாவது 8,000-ல், அவர் 4,000 போட்டு 18,000-க்கு ஆடுகிறார். 18% போதும் என்னும்போது அவர் சீட்டைப் பார்க்கவே வேண்டியதில்லை. அங்கே உங்களுக்கும் கால் செய்பவரைப் போல ஒரே வழிதான் மிச்சம். பத்து பிளைண்டு வைத்திருப்பவர் ஏழைதான், ஆனால் அவருடைய ஏழ்மை இன்னும் மற்றவர்களைக் கடிக்கும். இரண்டு பிளைண்டுக்காரரைப் பார்த்தால் பரிதாபம்தான் வரும்.

“நல்ல கை வரட்டும்” என்பதற்கும் கணக்கு போட்டுவிடலாம். பத்து ஜோடியிலிருந்து ஏஸ் ஜோடி வரை 30 சேர்க்கை, ஏஸ்-கிங் 16, ஏஸ்-குயின் 16, மொத்தம் 62. இரண்டு சீட்டு வரக்கூடிய சேர்க்கைகள் 1,326. விகிதம் 4.7%, சராசரியாக 21 கைக்கு ஒருமுறை. ஒன்பது பேர் மேசையில் 21 கை என்பது இரண்டேகால் சுற்றுக்குச் சற்று அதிகம். அதற்குள் பத்து பிளைண்டில் கிட்டத்தட்ட ஆறு கரைந்திருக்கும். அந்தக் கை வந்து நீங்கள் தள்ளும்போது கையில் நாலு பிளைண்டுதான் இருக்கும், அதை எவரும் மதிக்க மாட்டார்கள். அதுவும் வந்தால்தான். முழுசாக இரண்டு சுற்று, அதாவது 18 கை, அப்படி ஒரு சீட்டைக் கண்ணிலேயே காணாமல் போக 42% வாய்ப்பு உண்டு. இதைத் துரதிர்ஷ்டம் என்று புலம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அனுதாபம் வருவதில்லை.

கடிகாரத்தையும் பாருங்கள். 2,000/4,000 முடிய இரண்டு நிமிடம் இருக்கிறது, அடுத்தது 2,500/5,000 என்றால் உங்கள் பத்து பிளைண்டு ஒரு சீட்டும் ஆடாமல் எட்டாகிவிடும். பிக் பிளைண்டு உங்களிடம் வந்து சேர எத்தனை கை இருக்கிறது என்பதும் முக்கியம். நாலு பிளைண்டோடு முதல் இடத்தில், பிக் பிளைண்டுக்கு இடப்பக்கம், இருக்கிறீர்கள் என்று வையுங்கள். அடுத்த கையில் பிளைண்டும் ஆன்டியும் சேர்ந்து கையிருப்பில் பாதியைக் கொண்டுபோய்விடும். எந்த இடத்தில் எதைத் தள்ளலாம் என்று சொல்லும் பட்டியல் ஃபோல்டு என்று காட்டும் குயின்-பத்து, ஏஸ்-நாலு மாதிரிக் கைகளையும் அங்கே தள்ளத் தோன்ற வேண்டும். அடுத்த கையில் தானாக வரும் இரண்டு சீட்டு இதைவிட நன்றாக இருக்கும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை.

இனி இடம். சீட்டைப் பார்ப்பதற்கு முன் எண்ண வேண்டியது, எனக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேர் பேச வேண்டும் என்பதை. பத்தில் ஒரு கையோடு மட்டுமே கால் செய்யும் இறுக்கமான ஆட்கள் என்றே வைத்துக்கொள்வோம். முதல் இடத்திலிருந்து தள்ளினால் பின்னால் எட்டுப் பேர். அவர்களில் யாரோ ஒருவரிடமாவது அப்படிப்பட்ட கை இருக்க 57% வாய்ப்பு. பட்டனிலிருந்து இரண்டே பேர், 19%. ஸ்மால் பிளைண்டிலிருந்து ஒருவர், 10%. சீட்டு அதேதான், இடம் மாறினால் விலை மாறிவிடுகிறது.

பத்து பிளைண்டுக்கு ஏறக்குறைய இப்படி வைத்துக்கொள்ளலாம். முதல் இடத்தில் ஐந்து ஜோடியும் அதற்கு மேலும், ஏஸ்-பத்தும் அதற்கு மேலும், ஒரே சின்னத்தில் கிங்-குயின். எண்ணிப் பார்த்தால் பத்தில் ஒரு கை தேறும். பட்டனில் எல்லா ஜோடியும், எல்லா ஏஸும், ஒரே சின்னத்தில் எந்தக் கிங்கும், சின்னம் கலந்தால் கிங்-எட்டு வரையும், குயின்-ஒன்பது வரையும், ஜாக்-பத்தும், ஒரே சின்னத்தில் ஆறு-ஏழிலிருந்து ஒன்பது-பத்து வரை பக்கத்துப் பக்கத்துச் சீட்டுகளும் ஜாக்-ஒன்பதும். மூன்றில் ஒரு கைக்குச் சற்று மேலே வரும். ஸ்மால் பிளைண்டும் பிக் பிளைண்டும் மட்டும் மிஞ்சிய நிலைமைக்கு ஜான் நாஷ் பெயரால் சொல்லப்படும் சமநிலைக் கணக்கு இன்னும் தாராளமானது. ஆன்டி இல்லாத பத்து பிளைண்டிலேயே எல்லா ஜோடி, எல்லா ஏஸ், எல்லாக் கிங்கையும் தள்ளச் சொல்கிறது. மனப்பாடம் செய்யும்போது விளிம்பில் நிற்கும் ஒரு கையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கிங்-எட்டா கிங்-ஏழா என்பதில் போகும் காசு சொற்பம். முதல் இடத்துக்கும் பட்டனுக்கும் உள்ள இடைவெளியைத் தெரியாமல் இருப்பதில்தான் டோர்னமென்ட் போகிறது.

துனிக்காரருக்கு இங்கே ஒரு தனிப் பொறி இருக்கிறது. ஒரே சின்னத்தில் ஜாக்கும் ஒன்பதும் சேர்ந்து வந்தால் அவர் கை துறுதுறுக்கும். துனியில் அது சிகரம், 50 புள்ளி. இங்கே அது பட்டனில் தள்ளத்தக்க ஒரு சுமார் கை, முதல் இடத்தில் குப்பை.

எந்தச் சீட்டு என்பது கடைசிக் கேள்வி. கேள்வி கடைசியானாலும் இதில் ஒரு சுவாரசியம் உண்டு. சின்னம் கலந்த ஏஸ்-ஐந்து, ஒரே சின்னத்தில் ஏழு-ஆறு, இரண்டில் எது மேல்? எதிராளி எட்டு ஜோடிக்கு மேலும் ஏஸ்-ஜாக்குக்கு மேலும் மட்டுமே கால் செய்பவர் என்றால், கால் ஆனபின் ஏழு-ஆறு ஏறக்குறைய 32% ஜெயிக்கும், ஏஸ்-ஐந்து 27% மட்டுமே. கால் செய்பவரிடம் பெரும்பாலும் உங்களைவிடப் பெரிய துணையோடு இன்னொரு ஏஸ் இருக்கும், உங்கள் ஏஸ் அங்கே பாரம்தான். ஆனால் ஏஸுக்கு வேறொரு உபயோகம் உண்டு. அதில் ஒன்று உங்கள் கையில் இருப்பதால் அவருக்குக் கால் செய்யத்தக்க சேர்க்கைகள் 90-லிருந்து 75-ஆகக் குறைகின்றன. மொத்தத்தில் இரண்டு கையும் ஏறக்குறைய சமம்தான். அதுவே எந்தச் சீட்டோடும் கால் செய்துவிடக் கூடிய எதிராளி என்றால் நிலைமை தலைகீழ். அப்போது ஏஸ்-ஐந்து 58% ஜெயிக்கும், ஏழு-ஆறு 45%.

இதைக் கிட்டத்தில் பார்க்கலாம். நீங்கள் பட்டனில், 38,000. இடப்பக்கம் ஸ்மால் பிளைண்டில் 1,20,000 வைத்திருப்பவர். அவருக்கு இடப்பக்கம் பிக் பிளைண்டில் இருப்பவர் 14,000-த்தோடு இந்தக் கையைத் தொடங்கினார். ஆன்டி 4,000, பிளைண்டு 4,000 போனபின் அவர் முன்னால் இருப்பது 6,000, ஆறு மஞ்சள் சிப். நீங்கள் தள்ளினால் அவர் அந்த 6,000-த்தைப் போட்டு 20,000-க்கு ஆடுகிறார், 23% இருந்தால் போதும். அவர் ஃபோல்டு செய்வார் என்று எதிர்பார்ப்பது வீண். உங்கள் தள்ளலுக்குப் பயப்படக் கூடியவர் ஸ்மால் பிளைண்டுக்காரர் ஒருவர்தான். இந்த இடத்தில் ஏஸ்-ஐந்தைத் தள்ளுங்கள், ஏழு-ஆறைக் கீழே வையுங்கள். அதே பட்டன், அதே 38,000. பிக் பிளைண்டில் ஆறு மஞ்சள் சிப்புக்குப் பதிலாக 60,000 இருந்திருந்தால் ஏழு-ஆறும் போகலாம். சீட்டைப் பார்ப்பதற்கு முன் இடப்பக்கச் சிப் அடுக்குகளைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். சீட்டைப் பார்த்தபின் பார்த்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும்.

அடுத்து, ஏறக்குறைய எல்லோரும் செய்யும் ஒரு பிழை. கையில் எட்டு பிளைண்டு, அதாவது 32,000. அதில் 9,000-க்கு ரெய்ஸ் செய்துவிட்டு (பந்தயத்தை ஏற்றிவிட்டு), எதிராளி ஆல்-இன் தள்ளியதும் “சரி, போகட்டும்” என்று ஃபோல்டு. கணக்கைப் பாருங்கள். பட்டனிலிருந்து அவர் தள்ளி இரண்டு பிளைண்டுகளும் விலகிவிட்டால், நீங்கள் மேலே போட வேண்டியது 23,000, நடுவில் 51,000. தேவை 31%. எதிராளி பெரிய ஜோடியோடு மட்டுமே தள்ளுபவராக இல்லாதவரை, நீங்கள் ரெய்ஸ் செய்யும் பெரும்பாலான கைகள் ஏறக்குறைய அவ்வளவு ஜெயித்துவிடும். ஃபோல்டு செய்ய முடியாத ரெய்ஸ் அது. அப்படியென்றால் முதலிலேயே தள்ளியிருக்க வேண்டும். மற்றவர்களுக்கு ஃபோல்டு செய்யும் சந்தர்ப்பம் கொடுக்காமல், உங்களைத் தள்ளும் சந்தர்ப்பத்தை மட்டும் அவர்களுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். பன்னிரண்டு பிளைண்டுக்குக் கீழே பெரும்பாலும் இரண்டே முடிவுதான், தள்ளு அல்லது விடு. வெறும் பிளைண்டு போட்டு உள்ளே நுழைவது மூன்றாவது வழி மாதிரித் தோன்றும், சிப் கசியும் ஓட்டை அது.

பதினைந்து பிளைண்டுப் பக்கம் இன்னொரு ஆயுதம் இருக்கிறது. ஒருவர் ரெய்ஸ் செய்தபின் அவர் மேலேயே தள்ளுவது. நீங்கள் பிக் பிளைண்டில், தொடக்கத்தில் ஆன்டி போக 60,000. பட்டனுக்கு முந்தையவர் 9,000-க்கு ரெய்ஸ் செய்தார். நடுவில் 19,000. நீங்கள் தள்ளி அவர் விலகினால் அந்த 19,000 முழுவதும் லாபம், உங்களிடம் மிச்சமிருக்கும் 56,000-த்தில் மூன்றில் ஒரு பங்கு அது. அவர் கால் செய்ய 51,000 போட வேண்டும், 40.5% தேவை. பின்பகுதியிலிருந்து பாதிச் சீட்டுகளோடு ரெய்ஸ் செய்யும் ஆளுக்கு அது கசக்கும். கால் ஆகி உங்கள் கை 35% மட்டுமே ஜெயிக்கும் என்றாலும், பத்துக்கு நாலு முறை அவர் விலகினால் போதும். அதே இடத்தில் 28,000 மட்டும் வைத்துத் தள்ளினால் அவர் மேலே 19,000 போட்டு 43,000-க்கு ஆடுவார், ஏறக்குறைய எதையும் வைத்து ஆடுவார். முதல் இடத்திலிருந்து வந்த ரெய்ஸ் மேல் இந்த வித்தையைக் காட்டாதீர்கள், அங்கே அவர் கை உண்மையிலேயே கனம்.

முப்பது பிளைண்டோடு தள்ளுபவர்களும் உண்டு. 10,000-க்காக 1,20,000-த்தைப் பணயம் வைப்பது. விலகக்கூடியவர்கள் எல்லாம் சிறு ரெய்ஸுக்கே விலகியிருப்பார்கள், கால் செய்பவர்கள் உங்களை அடிக்கக்கூடிய கையோடு மட்டும் வருவார்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் சிப் கணக்கு. பரிசு நெருங்கும்போது சிப் வேறு, ரேண்ட் வேறு. மொத்தப் பரிசு 1,00,000 ரேண்ட், முதல் பரிசு 50,000, இரண்டாவது 30,000, மூன்றாவது 20,000. மிச்சம் நாலு பேர், எல்லோரிடமும் ஒரே அளவு சிப். நாலாவதாகப் போகிறவருக்கு ஒன்றுமில்லை. இப்போதைக்கு ஒவ்வொருவரின் பங்கும் 25,000 ரேண்ட் பெறும். இருவர் மோதி ஒருவர் வெளியேறினால், ஜெயித்தவரிடம் பாதிச் சிப் சேரும். சிப்பைப் பரிசுப் பண மதிப்பாக மாற்றும் ஐ.சி.எம். எனப்படும் கணக்குப்படி அவர் முதலிடம் வர 50%, இரண்டாமிடம் 33.3%, மூன்றாமிடம் 16.7%. மதிப்பு 25,000 + 10,000 + 3,333, அதாவது 38,333 ரேண்ட். சிப் இரட்டிப்பானது, பணம் இரட்டிப்பாகவில்லை. மிச்சப் பணம் எங்கே போனது என்றால், சீட்டையே தொடாமல் வேடிக்கை பார்த்த இருவருக்கும் ஆளுக்கு 5,833 ரேண்ட் கூடியிருக்கிறது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்.

இதன் பொருள் என்னவென்றால், பிளைண்டைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், அங்கே கால் செய்ய உங்களுக்கு 25,000-ஐ 38,333-ஆல் வகுத்து வரும் 65% வேண்டும். எதிராளி சீட்டையே பார்க்காமல் தள்ளினார் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தாலும், சின்னம் கலந்த ஏஸ்-கிங் அந்த விளிம்பில்தான் நிற்கிறது, கண்மூடித்தனமான கைக்கு எதிராக அது 65% ஜெயிக்கும். சின்னம் கலந்த ஏஸ்-குயின் போதாது. ஆறு ஜோடியும் போதாது, 63% மட்டுமே. நடுவில் இருக்கும் பிளைண்டும் ஆன்டியும் இந்தக் கோட்டைக் கொஞ்சம் இறக்கும், ஆனாலும் திசை மாறாது. தள்ளும் கைகளின் பட்டியலும் கால் செய்யும் கைகளின் பட்டியலும் வேறு வேறு. ஏஸ்-ஐந்தைத் தள்ளுவது சரியாக இருக்கும் அதே நாற்காலியில், அதே ஆள் தள்ளியதற்கு ஏஸ்-பத்தைக் கால் செய்வது தவறாக இருக்கலாம். “நான் இருந்திருந்தாலும் தள்ளியிருப்பேனே, அதனால் கால் செய்தேன்” என்று சொல்பவர் மேசைக்கு ஒருவர் இருக்கிறார்.

பரிசுக்கு ஒரு படி முன்னால் அதிகம் வருந்துபவர் கடைசி ஆள் இல்லை, நடுவில் இருப்பவர். சிப் மலையாக இருப்பவர் யாரை வேண்டுமானாலும் தள்ளலாம், தோற்றாலும் சாகமாட்டார். இரண்டு பிளைண்டு வைத்திருப்பவருக்கு இழக்க அதிகமில்லை. பதினைந்து பிளைண்டுக்காரர்தான் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பத்து பிளைண்டோடு தள்ளும்போது குறிவைக்க வேண்டியது அவரைத்தான், சிப் மலையை அல்ல. அதேபோல, ஒரு பிளைண்டோடு ஒருவர் அடுத்த கையில் பிக் பிளைண்டுக்குப் போகிறார் என்றால், நீங்கள் பட்டனில் தள்ள நினைத்த கிங்-எட்டை இந்த ஒருமுறை விட்டுவிடுங்கள். அவர் போவதைப் பார்க்க ஒரு கை பொறுப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

பெரிய டோர்னமென்ட்டுக்கு இருக்கை மட்டும் பரிசாகத் தரும் சாட்டிலைட்டில் இது முற்றிய நிலைக்குப் போகும். பத்து இருக்கை, பதினோரு பேர், நீங்கள் நடுவில் சுகமாக இருக்கிறீர்கள், சிப் மலை தள்ளுகிறது. ஏஸ் ஜோடியையும் ஃபோல்டு செய்யலாம். முதலில் வருபவருக்கும் பத்தாவதாக வருபவருக்கும் அதே இருக்கைதான்.

இதையெல்லாம் பழகிக்கொள்ள இணையத்தில் பணம் வைத்து ஆடப் போகாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் 2004-ஆம் ஆண்டுத் தேசியச் சூதாட்டச் சட்டப்படி இணைய கேசினோவுக்கும் போக்கருக்கும் உரிமம் கிடையாது. 2008-ல் நிறைவேறிய திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வரவே இல்லை. கணினி வேறு நாட்டில் இருந்தாலும் இங்கே உட்கார்ந்து ஆடுவது சட்டவிரோதம் என்று 2011-ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பணமில்லாத தள்ளு-விடு பயிற்சிச் செயலிகளும் ஐ.சி.எம். கணிப்பான்களும் போதும். ஆடி முடித்த இரவில் நினைவிலிருக்கும் ஐந்து கைகளை எழுதி, கையிருப்பு, இடம், பின்னால் இருந்தவர்களின் சிப், மூன்றையும் போட்டுப் பார்த்தாலே எங்கே காத்திருந்து கெட்டோம் என்பது தெரியும். தோற்ற கைகளை மட்டும் எழுதுவது பலரின் வழக்கம். நீங்கள் தள்ளாமல் விட்ட கைகளையும் எழுதுங்கள், பெரிய தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மேசைச் சங்கதிகள் சில. தள்ள முடிவு செய்தால் முதலில் வாயால் “ஆல்-இன்” என்று சொல்லுங்கள், பிறகு சிப்பை நகர்த்துங்கள். உங்கள் முறையில் வாயால் சொன்னது கட்டுப்படுத்தும். ஒன்றும் சொல்லாமல் பெரிய மதிப்புள்ள ஒரே சிப்பைப் போட்டால் அது கால் என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும், உங்கள் மனதில் ரெய்ஸ் இருந்ததை எவரும் கேட்கமாட்டார்கள். சொல்லாமல் ஒரு கை சிப் வைத்து, திரும்பப் போய் இன்னொரு கை எடுத்து வருவதும் செல்லாது. பெரிய சிப்புகளைச் சின்ன சிப்புகளுக்குப் பின்னால் மறைக்கக் கூடாது. உங்கள் கணக்குக்கும் எதிராளியின் கணக்குக்கும் அது தெரிந்தாக வேண்டும். சிப் முழுவதும் நடுவுக்குப் போனபின் சீட்டு மேல் வைக்க ஒன்றும் மிஞ்சாது, கையால் பிடித்துக்கொள்ளுங்கள். காப்பில்லாத சீட்டை டீலர் தவறுதலாக வாரிக்கொண்டால் திரும்பக் கிடைப்பது கடினம்.

பரிசுக்கு ஒரு படி முன்னால் எல்லா மேசையும் ஒரே நேரத்தில் ஒரு கை ஆடி நிறுத்தும் முறை வரும். வெவ்வேறு மேசையில் ஒரே கையில் இருவர் வெளியேறினால் அந்த இடத்தைப் பங்கிடுவார்கள். ஒரே மேசையில் இருவர் வெளியேறினால், கை தொடங்கும்போது யாரிடம் அதிகச் சிப் இருந்ததோ அவருக்கு மேலிடம். ஆகவே அந்தக் கட்டத்தில் சீட்டைத் தூக்கிப் பார்க்கும் முன், உங்கள் அடுக்கையும் பக்கத்துச் சின்ன அடுக்கையும் கடைசிச் சிப் வரை எண்ணிவிடுங்கள்.